ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் மாணவர்களின் ஆர்வத்தைத் தக்கவைப்பது எப்படி?

கேள்வி: கணிதப் பட்டதாரி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். குறும்பு செய்பவர்கள் மிகச் சிலர். எதிர்த்துப் பேசுபவர் எவரும் இல்லை. ஆனாலும் பாடம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பாதிப் பேருக்குக் கண் கரும்பலகையிலும் மனம் வேறெங்கோவும் இருப்பது நன்றாகத் தெரிகிறது. நான் எழுதிப்போடும் கணக்கை ஒரு கோடு பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஒரே குரலில் ‘புரிந்தது மிஸ்’ என்கிறார்கள். மறுநாள் அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஏழெட்டுப் பேரைத் தவிர வேறு யாரும் பேனாவின் மூடியைக்கூடத் திறப்பதில்லை.

ஸ்மார்ட் வகுப்பறையில் காணொளிகளைக் காட்டினேன். பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீடுகள் வழியாகக் கிடைக்கும் பாடங்களையும் போட்டுக் காட்டினேன். முதலில் விடை சொல்பவருக்குப் பேனா பரிசு என்று அறிவித்தும் பார்த்தேன். எல்லாம் முதல் சில நாள்களுக்குக் கலகலப்பாக இருந்தன. பிறகு பழைய நிலைதான். கைப்பேசியும் ரீல்ஸும் இந்தத் தலைமுறையின் கவனத்தையே தின்றுவிட்டன, நாம் என்ன செய்தாலும் எடுபடாது என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். அது முழு உண்மை என்று ஏற்க என்னால் முடியவில்லை. இதே நிலையைச் சந்தித்தவர்கள் நடைமுறையில் எது பயன் தந்தது என்று எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம். பேனாவின் மூடியைத் திறக்காத பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பதிவில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த வரிதான் என்று கருதுகிறேன். ஆர்வமில்லாத பிள்ளை பேனாவைத் திறந்து எதையாவது கிறுக்கும், படம் வரையும், பக்கத்தில் இருப்பவனின் நோட்டை எட்டிப் பார்க்கும். திறக்கவே திறக்காத பிள்ளைக்கு முதல் அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது தெரியவில்லை என்று நாற்பது பேருக்கு நடுவில் ஒப்புக்கொள்ளவும் அதற்கு மனமில்லை. பதினான்கு வயதில் அறியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட அக்கறையற்றவன் என்று பெயர் எடுப்பது அதற்குக் கௌரவமாகப் படுகிறது. நாமும் அதை நம்பி, ஆர்வமில்லை என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

பிரதம் என்ற தன்னார்வ நிறுவனம் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் ஏசர் (ASER) ஆய்வின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, கிராமப்புறங்களில் வாழும் 14 முதல் 18 வயது வரையிலானவர்களைப் பற்றியது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் அதில் 43.3 விழுக்காட்டினர் மட்டுமே. பல மாநிலங்களை உள்ளடக்கிய கணக்கு அது. உங்கள் வகுப்பின் நிலை இதைவிட மேலாகவும் இருக்கலாம், கீழாகவும் இருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ விழுந்த ஓட்டை யார் கண்ணிலும் படாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிடுகிறது. (நிறுத்திவைத்திருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டே போயிருப்பார்கள்.) அப்படி வந்து சேர்ந்த பிள்ளையிடம் x² + 5x + 6-ஐக் காரணிப்படுத்தச் சொல்கிறோம். பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களைத் தேடு என்கிறோம். ஏழாம் வாய்ப்பாட்டிலேயே தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் தேடல் இருட்டில் துழாவுவதாகத்தான் இருக்கும். எவ்வளவு அழகான காணொளியைக் காட்டினாலும் அந்த இருட்டு விலகாது.

ஆகவே முதலில் ஒரே ஒரு பாடவேளையை ஒதுக்கி, பத்துக் கணக்குகள் கொண்ட பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டுதல், −3 − 5-இன் மதிப்பு, 0.5 பெரிதா 0.45 பெரிதா என்பன போன்ற கணக்குகளாக அவை இருக்கட்டும். மதிப்பெண் போட வேண்டாம். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரத்தில் சில நாள்கள், பாடவேளையின் முதல் பதினைந்து நிமிடங்களில், வகுப்பை இந்த நிலைகளின்படி மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதன் நிலைக்கு ஒரு படி மேலே உள்ள கணக்கைக் கொடுங்கள். வயதை விட்டுவிட்டுக் கற்றல் நிலையைப் பார்த்துக் குழு அமைக்கும் இம்முறையைத் தொடக்க வகுப்புகளுக்காகப் பிரதம் நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் இதைக் களத்தில் ஆராய்ந்து, பயன் உண்டு என்று காட்டியவர்கள். தொடக்க வகுப்புக்கான முறை என்பதற்காக ஒன்பதாம் வகுப்பில் தயங்க வேண்டியதில்லை. தானாக ஒரு கணக்கை முடித்துவிட்ட பிள்ளை அடுத்த கணக்கைக் கேட்டு வாங்கும். ஆர்வம் பெரும்பாலும் அதன் பிறகுதான் வருகிறது.

மறுமொழி 2: அறிவியல் ஆசிரியர், நீலகிரி மாவட்டம்

தலைமையாசிரியை அம்மா அவர்கள் சொன்ன அடிப்படையை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் ஏழாம் வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் பாடவேளையின் நடுவில் காணாமல் போகிறார்களே, அதற்கு இந்த விளக்கம் போதாது. அதற்கான காரணத்தை நாம் கேள்வி கேட்கும் முறையில் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். இன்றைய பிள்ளைகளின் கவனம் தங்கமீனின் கவனத்தைவிடக் குறைவு என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் கிரிக்கெட் பார்க்கிற பிள்ளையிடம் கவனம் இருக்கத்தான் செய்கிறது. கைப்பேசியால் தூக்கம் கெடுகிறது, வீட்டில் படிக்கும் நேரம் குறைகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் கைப்பேசி இல்லாத வகுப்பறைக்குள் நாற்பது நிமிடங்கள் நம் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் பிள்ளை காணாமல் போகிறது என்றால், அந்த நாற்பது நிமிடங்களில் அதற்கு என்ன வேலை கொடுத்தோம் என்று பார்க்க வேண்டாமா?

‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகையால் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டேன். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு அல்லது மூன்று இடங்களில், நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். எடுத்துக்காட்டாக, ஒரு லாரியும் ஒரு ஸ்கூட்டரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் மீது அதிக விசை செயல்படுகிறது? யாரும் பேசாமல் ஒரு நிமிடம் யோசித்து, பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மார்புக்கு அருகே விரல்களைக் காட்டி விடை சொல்ல வேண்டும். ஸ்கூட்டர் மீதுதான் என்று பெரும்பாலோர் காட்டுவார்கள். நான் சரியென்றும் தவறென்றும் சொல்லாமல், உங்கள் விடையிலிருந்து மாறுபட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து உங்கள் காரணத்தைச் சொல்லி ஏற்க வையுங்கள் என்பேன். இரண்டு நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும்; பிறகு மீண்டும் விரல் காட்டச் சொல்வேன். இரண்டின் மீதும் செயல்படும் விசை சமம், நிறை குறைவாக இருப்பதால் ஸ்கூட்டரின் வேகம்தான் பெரிதும் மாறுகிறது என்று அதன் பிறகு விளக்கும்போது, கேட்பதற்கு எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் நின்றுவிட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1990-களில் உருவாக்கிப் பரப்பிய முறை இது. அவருடைய மாணவர்கள் வாக்களிக்க மின்கருவிகள் வந்தன. நமக்கு விரல்கள் போதும்.

கணிதத்திலும் இதற்கு இடமிருக்கிறது. (a + b)²-உம் a² + b²-உம் சமமா என்பதை விதியாகச் சொல்லாமல் வாக்கெடுப்புக்கு விட்டுப் பாருங்கள். 3, 4 என்ற எண்களைப் போட்டுப் பார்த்து, ஒன்று 49 மற்றொன்று 25 என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது, விட்டுப்போன 2ab எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருங்கள் என்பது மற்றொன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பது தெரியவந்தது. அதை மூன்று வினாடிகளாக உயர்த்தியபோது விடைகள் நீண்டன, விடை சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது, ‘தெரியாது’ என்பது குறைந்தது. மூன்று வினாடி மௌனம் ஆசிரியருக்கு மூன்று நிமிடம் போலத் தோன்றும், பழக வேண்டும்.

மறுமொழி 3: கல்லூரிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள் என்பதால் இதைப் படித்தேன். சற்று மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆர்வம் ஊட்டுவது ஆசிரியரின் முழுநேரப் பொறுப்பு என்ற எண்ணம் ஆசிரியர்களை நிகழ்ச்சித் தொகுப்பாளர்களாக மாற்றிவருகிறது. வாய்ப்பாடும், சமன்பாடுகளைத் தீர்க்கும் பயிற்சியும், வடிவியல் நிரூபணங்களை வரி வரியாக எழுதிப் பழகுவதும் எல்லா நாளும் இனிமையாக இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்லை. எங்கள் கல்லூரிக்கு வரும் முதலாமாண்டு மாணவர்களில் பலர் வகுப்பு சுவையாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லத் தயாராக இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கட்டத் தயாராக இல்லை.

சுவையான வகுப்பு கற்றுவிட்டோம் என்ற மயக்கத்தையும் தரக்கூடும். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ‘புரிந்தது மிஸ்’ என்று சொல்லும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். நீங்கள் கரும்பலகையில் தீர்க்கும்போது அவர்களுக்கு உண்மையிலேயே புரிந்ததுபோல்தான் இருக்கிறது. எனவே பாடவேளையின் தொடக்கத்தில், முந்தைய நாள் கணக்கு ஒன்றையும் முந்தைய மாதக் கணக்கு ஒன்றையும் நோட்டைப் பார்க்காமல் எழுதச் சொல்வதை நாள்தோறும் தவறாமல் செய்யலாம். சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பைத் தாங்கப் பழகுவதும் படிப்பின் ஒரு பகுதியே.

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. பேராசிரியர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சலிப்பைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் அதன் முடிவில் ஏதோ கிடைக்கும் என்று நம்புகிறவர்கள். என் வகுப்பில் பலருக்கு அந்த நம்பிக்கை இல்லை. வீட்டில் கல்லூரிக்குப் போனவர் எவரும் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. குழுக்களும் விவாதமும் என்று நேரம் போனால் பாடப்பகுதியை எப்படி முடிப்பது? ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்து, பேனா பரிசு கொடுத்தபோது முதலில் இருந்த வேகம் பிறகு ஏன் அடியோடு நின்றது?

மறுமொழி 4: கணித ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பரிசைப் பற்றிய ஐயத்துக்கு ஒரு பழைய ஆய்வில் விடை இருக்கிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் 1973-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்கள் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அதே பேனாக்களைக் கொடுத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. உங்கள் வகுப்பில் வேறொன்றும் நடந்திருக்கும். முதலில் விடை சொல்பவருக்குப் பரிசு என்றவுடன் அந்த ஏழெட்டுப் பேருக்கு இடையிலான பந்தயமாக அது மாறியிருக்கும். மற்றவர்கள் முதல் நாளிலேயே பார்வையாளர்கள் ஆகியிருப்பார்கள்.

மதிப்பெண்ணும் ஏறத்தாழ இப்படித்தான். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. கருத்துரையோடு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மதிப்பெண்ணைப் பார்த்த கண் கருத்துரையைப் படிப்பதில்லை. தேர்வுத்தாளில் மதிப்பெண் போடாமல் இருக்க நமக்கு உரிமையில்லை. அன்றாடப் பயிற்சித்தாளில் இருக்கிறது. ‘மூன்றாவது வரி வரை சரி, அங்கே குறி மாறிவிட்டது, அதிலிருந்து மீண்டும் செய்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

இனிப் பயிற்சியைப் பற்றி. பேராசிரியர் ஐயா கேட்கும் சலிப்பான பயிற்சியைச் சலிப்பில்லாமலும் கொடுக்க முடியும் என்பது என் கருத்து. வகுத்தலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது இது: ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள், இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை எண் என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணுக்கு மீண்டும் அதையே செய். 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று எட்டுப் படிகளில் 1-க்கு வந்துவிடும். 7-க்குப் பதினாறு படிகள் தேவை. 27-ஐ நான் யாருக்கும் வேண்டுமென்றே கொடுப்பதில்லை. ஆனால் எப்படியும் ஒருவன் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவான். அது 9232 வரை ஏறி, 111 படிகள் கடந்து 1-க்கு வரும். நான்கு பேர் சேர்ந்து மதிய உணவு இடைவேளையிலும் விடாமல் செய்வார்கள். இடையில் ஒரு வகுத்தல் தவறினால் மொத்தமும் திசைமாறும் என்பதால் ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்ப்பார்கள். எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்கு வருமா என்பதை உலகில் இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை என்று கடைசியில் சொல்லுங்கள். 1937-இல் லோதர் கொலாட்ஸ் என்ற ஜெர்மானியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கேள்வி அது. கணிதம் என்பது எல்லா விடைகளும் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி உண்மையிலேயே வியப்பைத் தருகிறது.

பாடப்பகுதி முடிவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எல்லா இயலுக்கும் ஒரே அளவு நேரம் தர வேண்டியதில்லை. கண மொழியையும் புள்ளியியலையும் பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே மிச்சப்படும் பாடவேளைகளை இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் செலவிடலாம். முக்கோணவியலுக்கு வகுப்பைக் கொடிக்கம்பத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கோணமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய உறிஞ்சுகுழல், மையத்திலிருந்து சிறு கல்லோடு தொங்கும் நூல் ஆகிய மூன்றும் போதும். குழலின் வழியே கம்பத்தின் உச்சியைப் பார்த்தபடி, ஏற்றக்கோணம் 45° ஆகும் இடம் வரை பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். tan 45° = 1 என்பதால், அந்த இடத்திலிருந்து கம்பம் வரையுள்ள தொலைவோடு பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் கம்பத்தின் உயரம் கிடைத்துவிடும். கண் உயரத்தைக் கூட்ட மறந்த குழுவின் விடை மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் குறைந்து நிற்கும். ஏன் என்று அவர்களே சண்டைபோட்டுக் கண்டுபிடிக்கட்டும். 30°-இலும் 60°-இலும் அளந்து வந்த குழுக்கள் அதே உயரத்தை எப்படிப் பெறுகின்றன என்பதை மறுநாள் கரும்பலகையில் செய்தால், அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டிய பாதி நேரம் மிச்சம்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

புதுக்கோட்டை ஆசிரியர் சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முதல் மறுமொழியில் குழுக்களைப் பற்றி எழுதியபோது இதை விரிவாகச் சொல்லவில்லை. மூன்று குழுக்கள் என்றவுடன் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது, மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் தயாராகி, அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஒரே மூலையில் உட்கார வைக்கப்படுவதுதான். அப்படிச் செய்வதாக இருந்தால் குழுவே வேண்டாம். குழு அந்தப் பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் உரியது, திறனைப் பொறுத்தது. பின்னத்தில் முதல் நிலையில் இருப்பவன் வடிவியலில் மூன்றாம் நிலையில் இருக்கக்கூடும், அப்படியே இருக்கவிடுங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதே பத்துக் கணக்குகளை எண்களை மாற்றிக் கொடுத்து, குழுக்களைக் கலைத்து அமையுங்கள். மீதி இருபத்தைந்து நிமிடங்களுக்கு, நீலகிரி ஆசிரியர் சொன்ன விரல் வாக்கெடுப்பு உட்பட, வகுப்பு முழுவதும் ஒன்றாகவே இருக்கட்டும். முதல் பயிற்சித்தாளைக் கொடுக்கும் நாளில், இது உங்களைச் சோதிப்பதற்காக அல்ல, நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.